அக்காவுக்குப் பிடிமண்

அக்காவைக் கட்டிக்கொடுத்த ஊருக்கு ஸ்ரீவைகுண்டத்தைத் தாண்டிப் போகவேண்டும். அந்த ஊர் முக்கில் ஒரு மருந்துக்கடை இருக்கிறது. சித்திரை பிறந்துவிட்டால் போதும், தாழ்ந்த குரலில் மாத்திரை கேட்டு நிற்கும் பெண்களிடம் கடைக்கார அண்ணாச்சி ஒரே ஒரு கேள்விதான் கேட்பார்.

"கொடைக்கா, கல்யாணத்துக்கா?"

கொடை என்றால் ஊர் அம்மன் கோயில் திருவிழா. கொடைக்கு இவ்வளவு, கல்யாணத்துக்கு இவ்வளவு என்று அவரிடம் கணக்கு உண்டு. மாத்திரை அட்டையைக் கத்தரித்து, செய்தித்தாளில் மடித்துக் கொடுத்துவிடுவார். மாதவிலக்கைத் தள்ளிப்போடும் மாத்திரை அது. வாங்குகிறவளுக்கு என்ன வயது, வேறு என்ன நோய், போன மாதமும் இதையே வாங்கினாளா, எதுவும் அவருக்கு வேண்டாம். விசேஷம் எதுவென்று தெரிந்தால் வைத்தியம் தெரிந்துவிடும்.

அதே கடையில் என் ரத்த அழுத்த மாத்திரையை ஒருமுறை கேட்டேன். "சீட்டு கொண்டாந்திருக்கேளா சார்? சீட்டில்லாம குடுக்கக்கூடாது, சட்டம்லா" என்றார். சட்டத்தின் மேல் இவ்வளவு மரியாதை வைத்திருக்கும் மனிதர் நம் ஊரில் இருக்கிறாரே என்று அன்றைக்கு நெகிழ்ந்தேன். வாரப் பத்திரிகைகளில் வேடிக்கைக் கட்டுரைகள் எழுதுகிறவன் நான். சம்பளத்துக்குப் பாளையங்கோட்டையில் ஓர் இன்சூரன்ஸ் அலுவலகம். நெகிழ்வதற்கு எனக்குப் பெரிய காரணங்கள் தேவைப்படுவதில்லை.

இனி எழுதுவதில் வேடிக்கை குறைவாகத்தான் இருக்கும். முயன்று பார்த்தேன், வரவில்லை.

அக்கா என்னைவிட ஐந்து வயது மூத்தவள். அத்தானுக்கு ஆற்றுப்பாசனத்தில் வாழை. வாழை என்று சொன்னால் அத்தான் பெயரைத்தான் சொல்வார்கள். கன்று நடுவதிலிருந்து சருகு கழிப்பது வரை பாதி வேலை அக்காவுடையது. அத்தான் கோயில் கமிட்டியிலும் இருக்கிறார். ஆகவே கொடை வந்தால் அக்கா பொங்கல் வைக்கவேண்டும், முளைப்பாரி தூக்கவேண்டும், வீடு நிறைய வரும் விருந்தாளிகளுக்குச் சமைக்கவேண்டும். இதற்கு நடுவில் தூரமாகிவிட்டால் தெருவுக்கே தீட்டு. எனவே கொடைக்கு மாத்திரை. கொழுந்தன் கல்யாணத்துக்கு மாத்திரை. திருச்செந்தூர் போனால் மாத்திரை. வீட்டுக் காலண்டரை வைத்து அவள் உடம்பை ஓட்டினார்கள். அவளும் ஓட்டினாள்.

நாற்பத்தெட்டு வயதில் அவளுக்குப் பெரும்பாடு கண்டது. நிற்கும், பத்து நாளில் மறுபடி கொட்டும். இதை அவள் என்னிடம் சொல்லவில்லை. ஒரே வயிற்றில் பிறந்து ஒரே தட்டில் தின்ற எங்களுக்குள் இதைச் சொல்வதற்கு வார்த்தை கிடையாது. நான் உலக இலக்கியம் படித்தவன். பிரசவம், கருச்சிதைவு, பால்வினை நோய் எல்லாவற்றையும் நாவல்களில் அழுத்தமாக அடிக்கோடிட்டு வைத்திருக்கிறேன். என் அக்கா ஏன் இப்படி வெளிறிப்போனாள் என்று கேட்க வாய் வரவில்லை. என் மனைவி கேட்டு வந்து சொன்னாள். அவள் பள்ளிக்கூட ஆசிரியை. வாய் வரும்.

அக்கா வைத்தியம் பார்க்காமல் இல்லை. ஊருக்குப் பக்கத்தில் ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கிறது. அங்கே இருந்த ஆண் டாக்டர் அவளை நிமிர்ந்து பார்க்காமலே, "நிக்கப்போற வயசும்மா, அப்படித்தான் இருக்கும்" என்று இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார். பெண் டாக்டர் வியாழக்கிழமை வருவார் என்றார்கள். அடுத்த வியாழன் அவருக்கு வேறு ஊரில் முகாம். அதற்கடுத்த வியாழன் அக்கா வீட்டில் வாழைத்தார் வெட்டு, ஆளுக்குச் சோறு பொங்கவேண்டும். ஸ்கேன் பெட்டி ஒன்று இருந்தது. அதற்கு யாரோ பூப்போட்ட உறை தைத்துப் போட்டிருந்தார்களாம். பார்க்கத் தெரிந்தவர் மாறுதலாகிப் போய் வெகுநாளாகிவிட்டது. பக்கத்து வீடு, எதிர்வீடு, கொழுந்தன் பெண்டாட்டி எல்லாரும் டாக்டர் சொன்னதையே சொன்னார்கள். நிக்கப்போற வயசு. அவர்களில் பாதிப்பேருக்கும் அதே வயசு, அதே பாடு.

போன வருடத்துக்கு முந்தின சித்திரையில் அக்கா வாய்க்கால் கரையில் மயங்கி விழுந்தாள். நாங்கள் காரை எடுத்துக்கொண்டு போய், டவுனில் ஒரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிவந்தோம். அங்கிருந்த பெண் டாக்டர் இமையை இழுத்துப் பார்த்தார். ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்தார். பிறகு எங்களைப் பார்த்தார். கடைசியாகப் பார்த்த பார்வை எனக்கு இன்னும் மறக்கவில்லை.

"இந்த ரத்தத்த வச்சுக்கிட்டு இவங்க நடந்து வந்திருக்காங்க" என்றார். "நாளைக்கே சேருங்க. ரத்தம் ஏத்தணும். கர்ப்பப்பையிலருந்து கொஞ்சம் சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பணும். என்னவா இருக்கும்னு இப்ப சொல்ல முடியாது. ஆனா தள்ளிப்போடாதீங்க."

துணிமணி எடுத்துவர அன்று மாலையே ஊர் திரும்பினோம். முந்தின நாள்தான் கோயிலில் காப்புக் கட்டியிருந்தார்கள். அத்தான் கையிலும் மஞ்சள் கயிறு இருந்தது.

காப்புக் கட்டினால் கொடை முடிகிறவரை ஊர்க்காரர் யாரும் எல்லை தாண்டி ராத்தங்கக் கூடாது. பகலில் எங்கே வேண்டுமானாலும் போகலாம், பொழுதடைந்ததும் ஊருக்குள் இருக்கவேண்டும். மீறினால் அம்மன் கோபம் ஊர் மேல் விழும். இதை எதிர்த்துப் பேசும் பகுத்தறிவு என்னிடம் இருக்கிறது, ஆனால் அது பாளையங்கோட்டையில் இருக்கும்போதுதான் வேலை செய்யும்.

ஊர்த்தலைவரைக் கூப்பிட்டு அனுப்பியிருந்தார் அத்தான். பெரியவர், நல்ல மனிதர், தாழ்ந்த குரலில் பேசுகிறவர். பட்டாசலில், அதாவது முன்கூடத்தில், நாற்காலி போட்டு உட்கார்ந்தோம். அக்கா சுவரில் சாய்ந்து தரையில் இருந்தாள்.

"மாப்ள, எட்டு நாளுவே" என்றார் அத்தான். "இம்புட்டு நாள் பொறுத்தவளுக்கு எட்டு நாள் பொறுக்க முடியாதா? கொடை முடிஞ்ச மறுநாள் நானே கொண்டாந்து சேக்கேன்."

"தள்ளிப்போடாதீங்கன்னு டாக்டர் சொல்லுதாங்க அத்தான்."

"நாங்க ஆஸ்பத்திரிக்குப் போகாண்டாம்னா சொல்லுதோம்?" என்றார் தலைவர். "பகல்ல போயி ஏத்திக்கிட்டுப் பொழுதடைய வந்திரட்டும் தம்பி. ராத்திரிதான் ஏத்துவேன்னு ரத்தம் அடம்பிடிக்குதாக்கும்?"

"அவங்கள படுக்க வச்சுப் பாக்கணும் அண்ணாச்சி."

"சரி. அந்த மாத்திரை இருக்கே, அத இன்னும் எட்டு நாளைக்குப் போட்டா நின்னிரும்லா? நின்னுட்டா அவசரம் இல்லல்லா?"

இதை அவர் உண்மையான அக்கறையுடன்தான் சொன்னார். அதுதான் என்னால் தாங்கமுடியாதது. கொடூரமான ஆளாக இருந்தால் கோபப்பட வசதியாக இருந்திருக்கும்.

என் மனைவி அத்தானைப் பார்த்துக் கேட்டாள். "ஏன் அண்ணே, போன கொடைக்குக் காப்புக் கட்டின பொறவு நீங்க வாழைத்தார் லோடு ஏத்திக்கிட்டு திருவனந்தபுரம் போயி ராத்தங்கிட்டு வந்தீங்களே?"

"அது பிடிமண்ணு வாங்கிட்டுல்லா போனேன்" என்றார் அத்தான்.

எனக்கு விவரம் புரிய கொஞ்ச நேரமானது. கோயில் முன்னாலிருந்து ஒரு பிடி மண்ணை எடுத்து மஞ்சள் துணியில் முடிந்து பூசாரி கொடுப்பார். அது மடியில் இருக்கிறவரை அந்த ஆள் ஊரிலேயே இருப்பதாகக் கணக்கு. பஸ் ஓட்டுகிற பையனுக்கு வருடாவருடம் கொடுக்கிறார்கள். போலீசில் இருப்பவனுக்குக் கொடுக்கிறார்கள். வேலைக்கு நேர்காணல் என்று சொல்லி வாங்கிக்கொண்டு போன ஒருவன் சென்னையில் கிரிக்கெட் பார்த்துவிட்டு வந்தான். அம்மன் அவனையும் ஒன்றும் செய்யவில்லை. அவன் பார்த்த அணிதான் தோற்றதாம்.

"அப்ப மதினிக்கும் ஒரு பிடி குடுங்க, முடிஞ்சுது" என்றாள் என் மனைவி.

தலைவர் தரையைப் பார்த்தார். "பொம்பளையளுக்குக் குடுத்த வழக்கம் இல்லம்மா."

"ஏன்?"

"இதுவரைக்கும் ஆரும் கேக்கல. அதும்போக…" அவர் அக்காவின் பக்கம் பார்க்காமல் கையை மட்டும் அந்தப் பக்கம் அசைத்தார். "இந்த நெலமையில கோயில் மண்ணத் தொடலாமா?"

அதாவது, ரத்தம் போகிறவள் கோயில் மண்ணைத் தொடக்கூடாது. மண் இல்லாமல் ஊரை விட்டுப் போகக்கூடாது. ஊரை விட்டுப் போகாமல் ரத்தம் நிற்காது. இதை நான் கற்பனையாக எழுதி அனுப்பியிருந்தால் பத்திரிகை ஆசிரியர் மிகை என்று திருப்பி அனுப்பியிருப்பார். இங்கே நான்கு பேர் காப்பி குடித்துக்கொண்டே இதை நிதானமாகப் பேசிக்கொண்டிருந்தோம். காப்பியை எழுந்து போய்ப் போட்டுக் கொண்டுவந்தது அக்காதான்.

"லோடு விஷயம் வேற மாப்ள" என்றார் அத்தான், யாரும் கேட்காமலே. "ஒரு நாள் தவறினா தார் அழுகிரும்லா. அதுக்காகத்தான் குடுத்தாங்க."

அக்கா சுவரிலிருந்து தலையை எடுத்தாள்.

"நான் அழுகமாட்டேன்னு ஒமக்கு ஆரு சொன்னா?" என்றாள்.

இருபத்தைந்து வருடத்தில் அத்தானிடம் அவள் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. அத்தானும் கேட்டதில்லை என்று அவர் முகத்தில் தெரிந்தது. கோபமில்லாமல், வாழைக்குத் தண்ணீர் பாய்ந்ததா என்று கேட்கிற குரலில்தான் கேட்டாள். பிறகு கையூன்றி எழுந்து உள்ளே போனாள். ஒயர் கூடையோடு திரும்பி வந்து, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் படியிறங்கிக் காரில் ஏறி உட்கார்ந்தாள். பின்னாலேயே என் மனைவி. கார் என்னுடையது என்பதால் நானும் போகவேண்டியிருந்தது.

ஊர் எல்லையில் ஒரு வாய்க்கால் பாலம். அங்கே வந்ததும், "ஏலே, பைய நிப்பாட்டு" என்றாள். மனசு மாறிவிட்டாள் என்று நினைத்தேன். இறங்கி, பாலத்தை ஒட்டிய வயல் வரப்பில் குனிந்தாள். அவர்கள் வயல்தான். ஒரு பிடி மண்ணை அள்ளி முந்தானையில் முடிந்துகொண்டு, மூச்சு வாங்க வந்து ஏறினாள்.

"கோயில் மண்ணத்தான தொடக்கூடாது? இது நான் மம்பட்டி பிடிச்ச மண்ணு. இத ஆரு கேக்கப்போறா" என்றாள். கொஞ்சம் போனபிறகு, "அம்மனும் பொம்பளதான, அவளுக்குத் தெரியும்" என்றாள். அவள் அம்மனைக் கிண்டல் செய்யவில்லை. பயந்துகொண்டேதான் வந்தாள். கொடையில் ஏதாவது ஒன்று தப்பிப்போனால், ஒரு மாடு செத்தால்கூட, அது தன் தலையில்தான் விழும் என்று அவளுக்குத் தெரியும்.

ஆஸ்பத்திரியில் முதல் கேள்வி, "வீட்டுக்காரர் வரலையா?" நர்ஸ் என்னைப் பார்த்து, "நீங்க யாரு?" என்றார். தம்பி என்றேன். தம்பி செல்லாது, கணவர் கையெழுத்து வேண்டும் என்றார். வீட்டுக்காரர் கையில் காப்பு இருக்கிறது என்று நான் விளக்க ஆரம்பித்தபோது பெண் டாக்டர் வந்துவிட்டார். "அவங்க வயிறு, அவங்களே போடட்டும்" என்று தாளை அக்காவிடம் நீட்டினார். அக்கா எழுத்துக் கூட்டிக் கையெழுத்துப் போட்டாள்.

ரத்தம் கொடுக்க நான் கம்பீரமாகச் சட்டைக் கையை மடித்துக்கொண்டு போனேன். அழுத்தம் பார்த்த பெண், "சார், நீங்க பேசாம உக்காருங்க. ஒங்களுக்கே யாராவது பாக்கணும்" என்று வெளியே அனுப்பினாள். என் மனைவி கொடுத்தாள். கொடுத்துவிட்டு வந்து எனக்கு டீ வாங்கித் தந்தாள்.

நாங்கள் இருந்த வார்டில் பெண்கள் ஒருவரையொருவர், "என்ன சீக்கு?" என்று விசாரிப்பதில்லை. "எத்தன வருஷமா?" என்றுதான் கேட்டார்கள். இடப்பக்கக் கட்டிலில் புன்னக்காயலிலிருந்து வந்த மீன் விற்கும் அம்மா. கர்ப்பப்பை இறங்கி வெளியே வந்துவிட்டது. துணியை வைத்து அடைத்துக்கொண்டு பல வருடம் தலையில் மீன்கூடை சுமந்திருக்கிறார். "பிள்ளைக படிப்பு முடியட்டும்னு இருந்தேன்" என்றார். வலப்பக்கத்தில் பாபநாசத்துக்கு மேலே எஸ்டேட்டில் தேயிலை பறிக்கிற பெண். மார்பில் கட்டி. மலையிலிருந்து பஸ் இறங்கி வந்து சேர்வதற்குள் சீட்டு கொடுப்பது முடிந்துவிடும், திரும்பிப் போய்விடுவாளாம். அப்படி எத்தனை தடவை திரும்பினாள் என்று அவளுக்கே நினைவில்லை. மலை, வயல், கடல். ஆறு பிறக்கிற இடத்திலிருந்து கடலில் விழுகிற இடம் வரைக்கும் ஒரே வரிசையில் படுத்திருந்தார்கள். தாமிரபரணியைப் பற்றி நானும் இரண்டு மூன்று கட்டுரைகள் எழுதியிருக்கிறேன். அதன் ருசியைப் பற்றி.

கொடை முடிந்த மறுநாள் காலையில் அத்தான் வந்தார். சர்க்கரைப் பொங்கலும் திருநீறும் கொண்டுவந்திருந்தார். ஸ்டூலில் உட்கார்ந்து, "எல்லாம் நல்லபடியா முடிஞ்சு" என்றார்.

"கொடைதான?" என்றாள் அக்கா. "எனக்கு இனிமேத்தான் தெரியும்."

அத்தான் அதற்குப் பிறகு ஆஸ்பத்திரியை விட்டு அசையவில்லை என்பதையும் சொல்லவேண்டும். கோபத்தில் இருக்கிறவன் இதையெல்லாம் விட்டுவிடுவது வழக்கம்.

பரிசோதனை முடிவு வந்தது. புற்றுநோய், ஆனால் ஆரம்பம், கர்ப்பப்பையைத் தாண்டவில்லை. எடுத்துவிட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும், அடிக்கடி வந்து காட்டவேண்டும் என்றார் டாக்டர். மாத்திரைதான் காரணமா என்று நான் கேட்டேன். ஆமாம் என்று சொல்லிவிடுவார், மருந்துக்கடைக்குப் போய்ச் சட்டையைப் பிடிக்கலாம் என்று ஆசையாக இருந்தது. என்னைவிட அண்ணாச்சி பலசாலி என்பது வேறு விஷயம்.

"அப்படிச் சொல்ல முடியாது சார்" என்றார். "ஆனா விசேஷத்துக்கு விசேஷம் மாத்திரையால நிப்பாட்டி, அப்புறம் விட்டு, மறுபடி நிப்பாட்டி… எது வழக்கம், எது கோளாறுன்னு அவங்களுக்கே தெரியாமப் போயிருச்சு. உடம்பு சொன்னத யாரும் கேக்கல. இன்னும் ஒரு வருஷம் போயிருந்தா…"

அப்படியானால் யார் சட்டையைப் பிடிப்பது? கடைக்காரர் கேட்டதைக் கொடுத்தார். ஆண் டாக்டர் வயதைச் சொன்னார். தலைவர் வழக்கத்தைச் சொன்னார். அத்தான் எட்டு நாள் சொன்னார். எல்லாரும் நல்லவர்கள். இவ்வளவு நல்லவர்கள் சேர்ந்து ஒரு பெண்ணைக் கிட்டத்தட்டக் கொன்றிருக்கிறார்கள். ஆத்திரத்தை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று தெரியாமல் அன்று ஆஸ்பத்திரி வாசலில் இளநீர்க்காரரிடம் சண்டை போட்டேன். அவரும் நல்லவர். ஒரு இளநீரைச் சும்மா வெட்டிக் கொடுத்தார்.

அறுவை முடிந்து அக்கா தேறினாள். ஊரில் மாடு எதுவும் சாகவில்லை. "அம்மன் பொறுத்துக்கிட்டா" என்றார்கள். நலம் விசாரிக்க வந்த பெண்களில் ஒருத்தி, "ஒனக்கென்னக்கா, இனிம மாத்திரையும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம். எந்நேரமும் சுத்தம். முதப் பொங்கல் நீதான்" என்றாள். அதில் கொஞ்சம் பொறாமைகூட இருந்தது.

இந்த வருடக் கொடைக்கும் காப்புக் கட்டினார்கள். காப்புக் கட்டின இரண்டாம் நாள் அக்காவுக்கு ஆஸ்பத்திரியில் காட்டவேண்டிய தேதி. விடியற்காலையில் வெறும் வயிற்றோடு ஸ்கேன் என்பதால் முந்தின இரவு எங்கள் வீட்டில் தங்கவேண்டும். சாயங்காலம் கூட்டிவரப் போனேன்.

அத்தான் வாசலிலேயே நின்றிருந்தார். கையில் தாம்பாளம், அதில் மஞ்சள் துணி முடிச்சு. முகத்தில் ஒரு பெருமிதம்.

"மாப்ள, கமிட்டியில பேசி முடிவெடுத்தாச்சுவே. இனிம ஆஸ்பத்திரிக்குப் போற பொம்பளையளுக்கும் பிடிமண்ணு உண்டு. ஒம்ம அக்காளுக்குத்தான் முதல்ல."

நானும் நெகிழ்ந்தேன். ஏற்கெனவே சொன்னேன், எனக்குப் பெரிய காரணங்கள் தேவையில்லை.

அக்கா வெளியே வந்தாள். அவளுக்குப் பின்னால் பக்கத்து வீட்டுப் பெண், முப்பது வயதிருக்கும், கையில் ஒரு துணிப்பை. முகம் வெளிறி, உதடு வறண்டு. அந்த வெளிறல் எனக்கு இப்போது பார்த்த உடனே தெரிகிறது.

"இவளும் வாரா. நாலு மாசமா நிக்காமப் போவுது" என்றாள் அக்கா என்னிடம். பிறகு தாம்பாளத்தைப் பார்த்தாள். "ஒண்ணுதான் இருக்கு. இவளுக்கு?"

அத்தான் தயங்கினார். "இல்ல… அவ இப்ப… சுத்தமா இருக்கவங்களுக்குத்தான்னு பேச்சு. அவளுக்கு நின்ன பொறவு வாங்கிக்கிடலாம்."

அக்கா சண்டைக்குப் போகவில்லை. முடிச்சை எடுத்துக் கண்ணில் ஒற்றி, மறுபடி அந்தத் தாம்பாளத்திலேயே வைத்தாள்.

"நீரே வச்சுக்கிடும். லோடுக்குப் போகணும்லா" என்றாள்.

அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக் காரில் ஏற்றி, தானும் ஏறினாள். அத்தான் தாம்பாளத்தோடு நின்றார். ஊர் எல்லையில் வாய்க்கால் பாலம் வந்தது. பழைய ஞாபகத்தில், வயல் பக்கமாகக் காரை ஒதுக்கி நிறுத்தினேன்.

"எதுக்குலே நிப்பாட்டுத?" என்றாள் அக்கா. "போ."